தனியாகத் தொழில் செய்யும் உள்ளலங்கார வடிவமைப்பாளரும் வீட்டுக்காரரும்: உறவு கெடாமல் வேலை முடிக்க ஒரு பாடம்



நமது ஊரில் வீடு கட்டும் குடும்பங்கள் இப்போது கொத்தனார், ஆசாரியோடு நின்றுவிடுவதில்லை. சமையலறை, படுக்கையறை கப்போர்டு, ஹாலுக்கு ஃபால்ஸ் சீலிங், விளக்கு, திரைச்சீலை எல்லாவற்றையும் ஒருவர் பொறுப்பில் விட விரும்புகிறார்கள். இந்த வேலையைப் படித்த நம் பிள்ளைகள் பலர், குறிப்பாகப் பெண் பிள்ளைகள், வெளியூர் நிறுவனத்துக்குப் போகாமல் வீட்டிலிருந்தே தனியாகச் செய்ய முன்வருகிறார்கள். ஒரு கணினியும் ஒரு அளவு டேப்பும் இருந்தால் தொழிலைத் தொடங்கிவிடலாம். அது நிலைப்பது மட்டும் வரையும் திறமையால் அல்ல. வீட்டுக்காரரோடு பழகும் விதமே அதைத் தீர்மானிக்கிறது.

ஊர் சிறியது. நிரவியில் நடந்த ஒரு கப்போர்டுத் தகராறு மறுநாள் திருமலைராயன்பட்டினத்தில் பேசப்படும். சென்னையில் ஒரு வாடிக்கையாளரை இழந்தால் இன்னொருவர் கிடைப்பார். இங்கே ஒரு வாடிக்கையாளரை இழந்தால் அவருடைய சம்பந்தி வீடு, மச்சான் வீடு, பக்கத்து வீடு எல்லாம் சேர்ந்து போய்விடும். ஒரு வேலை நன்றாக முடிந்தால் அதே வழியில் நான்கு வேலை தானாக வரும் என்பதும் உண்மை. இந்தப் பாடம் தொழில் செய்பவருக்கு எழுதப்பட்டது. வேலை கொடுக்கும் குடும்பங்களும் படித்தால் நல்லது. பாதி சண்டைகள் இரு பக்கமும் கேட்க வேண்டியதைக் கேட்காததால் வருபவை.

யாருடைய பணம் இது?

காரைக்கால் 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு நிர்வாகத்தில் இருந்தது. சட்டப்படியான கைமாற்றம் 1962 ஆகஸ்ட் 16இல் நிறைவேறியது. அந்தத் தொடர்பால் பிரான்சுக்குப் போன குடும்பங்கள் இங்கே உண்டு. கப்பல் வணிகக் காலத்திலிருந்து மலேயா, சிங்கப்பூர் என்று போனவர்களின் வழிவந்தோர் உண்டு. வளைகுடா போனவர்களும் உண்டு. ஆக, நம் ஊரில் பல வீடுகளின் உள்வேலைக்கு வரும் பணம் ஒரு சபராளி பத்துப் பதினைந்து வருடம் ஒரே அறையில் நான்கைந்து பேரோடு தங்கிச் சேர்த்த பணம்.

அவருக்குப் பிளைவுட்டின் தரம் தெரியாது. தெரிந்தாலும் பார்க்க அவர் இங்கே இல்லை. ஐ.எஸ். 303 முத்திரை உள்ள பலகைக்கும் தண்ணீரைத் தாங்கும் ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பலகைக்கும் விலையில் பெரிய வித்தியாசம் உண்டு. மேலே மைக்கா ஒட்டிவிட்டால் இரண்டும் பார்வைக்கு ஒன்றுதான். வித்தியாசம் தெரிய இரண்டு மழைக்காலம் ஆகும். நம் ஊரின் உப்புக் காற்றிலும் ஈரத்திலும், சிங்க்கின் அடியில் இருக்கும் மலிவுப் பலகை ஊறி உப்பிவிடும். அப்போது வீட்டுக்காரர் மறுபடி வெளிநாட்டில் இருப்பார். எதிரில் நிற்பவர் வீட்டிலுள்ள உம்மா. இதனால்தான் இந்தத் தொழிலில் வாங்கும் பணத்தை அமானிதம் என்று சொல்கிறோம். இது உபசார வார்த்தை அல்ல.

முதல் சந்திப்பில் வரையாதீர்கள், கேளுங்கள்

புதிதாகத் தொழிலுக்கு வருபவர் முதல் நாளே கைபேசியில் படங்களைக் காட்டத் தொடங்குகிறார். வீட்டுக்காரரும் அழகான ஒன்றைக் காட்டி “இது மாதிரி” என்கிறார். அந்தப் படம் இத்தாலியிலோ மும்பையிலோ உள்ள வீடாக இருக்கும். அங்கே யாரும் மீன் ஆய்வதில்லை. முப்பது பேருக்குச் சஹனில் சாப்பாடு வைப்பதும் இல்லை.

இலங்கையின் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் கதை இங்கே உதவும். 1919இல் பிறந்து 2003இல் மறைந்தவர். தந்தைவழிப் பாட்டனார் இலங்கை முஸ்லிம். முதலில் வழக்கறிஞராக இருந்தார். பிறகு லண்டனில் படித்து 1957இல், முப்பத்தெட்டு வயதில், கட்டடக் கலைஞர் ஆனார். 1960இல் ஈனா டி சில்வா என்ற பெண்மணியும் அவருடைய கணவரும், அதாவது காவல்துறைத் தலைவராக இருந்த ஒஸ்மண்ட் டி சில்வாவும், கொழும்பில் தங்களுக்கு ஒரு வீடு வேண்டும் என்று அவரிடம் வந்தார்கள். ஈனா கேட்டது முரணாகத் தோன்றக்கூடியது. வீடு இக்காலத்து வீடாகத் திறந்தும் காற்றோட்டமாகவும் இருக்க வேண்டும். தான் வளர்ந்த கண்டிப் பகுதிப் பழைய வீட்டின் சாயலும் அதில் இருக்க வேண்டும்.

பாவா இந்த இரண்டில் ஒன்றை விட்டுவிடும்படி அவரைச் சம்மதிக்க வைக்கவில்லை. தெருப் பக்கம் மதிலால் மூடி, நடுவில் பெரிய முற்றம் வைத்து, அறைகளை அதைச் சுற்றி அமைத்தார். இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்த காலம் என்பதால் உள்ளூர் மரம், கருங்கல், மண் ஓடு ஆகியவற்றையும் உள்ளூர்க் கைவினைஞர்களையும் கொண்டே வேலை நடந்தது. 1962இல் வீடு முடிந்தது. அதன் பிறகு நடந்ததுதான் நமக்குப் பாடம். ஈனா துணியில் பத்திக் ஓவியம் செய்யும் கலைஞராக வளர்ந்தார். பாவா 1960களின் கடைசியில் கட்டிய பெந்தோட்டை கடற்கரை ஹோட்டலின் கூரைக்கு ஈனாவின் பத்திக் துணிகளைப் பயன்படுத்தினார். 1982இல் திறக்கப்பட்ட கோட்டே நாடாளுமன்றத்திலும் அவருடைய கொடிகள் இடம்பெற்றன. வாடிக்கையாளராக வந்தவர் இருபது வருடம் கூட வேலை செய்பவராக இருந்தார். பிற்காலத்தில் அந்த நிலம் கைமாறியபோது, வீட்டைக் கல் கல்லாக எண் போட்டுக் கழற்றிப் பாவாவின் லுணுகங்கை தோட்டத்தில் மீண்டும் எழுப்பினார்கள்.

ஈனாவிடம் பாவா கவனித்தது அவர் வளர்ந்த வீட்டை. நாமும் அதைத்தான் கேட்க வேண்டும். பழைய வீட்டில் உங்களுக்குப் பிடித்த இடம் எது? திண்ணையா, முற்றமா, பெண்கள் புழங்கிய உள்கட்டா? உம்மா மீன் ஆய எங்கே உட்காருவார்? உட்கார்ந்து நறுக்குபவரா, நின்று நறுக்குபவரா? தேக்சாவும் சஹனும் வருடத்தில் எத்தனை முறை வெளியே எடுக்கப்படும்? ஆண் விருந்தினர் வந்தால் எந்த வழியாக வந்து எங்கே கைகழுவுவார்கள்? நோன்பு மாதத்தில் ஸஹர் நேரத்தில் யார் எந்த அறையில் தூங்குகிறார்கள்? இந்தக் கேள்விகளுக்குக் கிடைக்கும் பதிலில்தான் வரைபடம் இருக்கிறது.

கிப்லாவைக் கேட்காமலேயே கவனிக்க வேண்டியது நம் வீடுகளில் உண்டு. காரைக்காலிலிருந்து கிப்லா நேர் மேற்கு அல்ல, மேற்கிலிருந்து வடக்குப் பக்கம் ஏறக்குறைய 20 டிகிரி சாய்ந்தது. தொழுகை அறையில் சஃப் எந்த வரிசையில் நிற்கும், கழிப்பறைக் கோப்பை எந்தப் பக்கம் பார்க்கும் என்பதைக் குழாய் போடும் முன்பே முடிவு செய்யுங்கள். டைல்ஸ் ஒட்டிய பிறகு வீட்டுக்குப் பெரியவர் ஒருவர் வந்து சுட்டிக்காட்டினால், செலவும் மனக்கசப்பும் உங்கள் தலையில்தான் விழும்.

இந்த இடத்தில் நம் பெண் பிள்ளைகளுக்கு ஒரு அனுகூலம் இருக்கிறது. சமையலறையில் தனக்கு என்ன சிரமம் என்பதை ஒரு மாமி ஆண் வடிவமைப்பாளரிடம் முழுதாகச் சொல்லமாட்டார். லாத்தா முறையில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கும் பெண்ணிடம் அலமாரியைத் திறந்து காட்டியே சொல்வார்.

இன்னொரு கேள்வியை முதல் நாளே கேட்டுவிட வேண்டும். முடிவு சொல்பவர் யார்? திருமணத்துக்குப் பின் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து தங்கும் வழக்கம் உள்ள குடும்பங்களில் ஒரே வீட்டுக்கு நான்கு எஜமானர்கள் இருப்பார்கள். பணம் அனுப்பும் அத்தா, வீட்டில் இருக்கும் உம்மா, அறையில் வாழப்போகும் மகள், கருத்துச் சொல்லத் தயங்கும் மாப்பிள்ளை. நான்கு பேரையும் கேளுங்கள். ஆனால் “நிறம், விலை, மாற்றம் இவற்றில் கடைசி வார்த்தை யாருடையது?” என்று கேட்டு ஒரே ஒரு பெயரை எழுதிக்கொள்ளுங்கள். மகளுக்குப் பிடித்த நிறத்தை அடித்த பிறகு, அத்தா வீடியோ அழைப்பில் வந்து வேறு நிறம் கேட்கும் நிலைமையில் யார் பக்கம் நின்றாலும் உங்களுக்கு நஷ்டம்.

எழுதாமல் தொடங்கிய ஒரு வேலை

அமெரிக்காவில் சிகாகோவுக்கு அப்பால் ஆற்றங்கரையில் எடித் ஃபார்ன்ஸ்வொர்த் என்ற பெண் மருத்துவருக்காக மீஸ் வான் டெர் ரோ என்ற உலகப் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் ஒரு கண்ணாடி வீட்டை வடிவமைத்தார். 1945இல் தொடங்கிய பேச்சு 1951இல் வீடாக முடிந்தது. தொடக்கத்தில் இருவரும் நல்ல நண்பர்கள். கட்டணத்தைப் பற்றி முறையான எழுத்து ஒப்பந்தம் இல்லை. செலவு மதிப்பிட்டதை விட ஏறிக்கொண்டே போனது. 1951இல் மீஸ் தனக்கு வரவேண்டிய பணத்துக்காக வழக்குப் போட்டார். மருத்துவர் எதிர்வழக்குப் போட்டார். பேசிய கட்டணம் எவ்வளவு என்பதிலேயே இருவர் சொன்னதும் வேறு வேறு. விசாரணையில் முடிவு மீஸுக்குச் சாதகமாக வந்தது. கடைசியில் சமரசத்தில் முடிந்தது. நட்பு மட்டும் திரும்பவில்லை. நான்கு பக்கமும் கண்ணாடியாக இருந்த அந்த வீட்டில் எப்போதும் யாரோ பார்ப்பதுபோல் இருப்பதாக மருத்துவர் பத்திரிகையில் குறை சொன்னார். ஆற்று வெள்ளமும் பலமுறை வீட்டுக்குள் புகுந்தது.

அந்த வீடு இன்றும் கட்டடக்கலை மாணவர்கள் யாத்திரைபோல் போய்ப் பார்க்கும் இடம். கலையாக அது வென்றிருக்கலாம். வீட்டுக்காரியும் வடிவமைப்பாளரும் தோற்ற வீடு என்றுதான் நம் கணக்கில் அதை எழுத வேண்டும்.

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளும்படி சொல்லும் வசனம் குர்ஆனிலேயே மிக நீளமான வசனம், அல்பகரா 282. சிறியதோ பெரியதோ, தவணையோடு எழுதச் சலிப்படைய வேண்டாம் என்பதும் அதில் உண்டு. இருந்தும் நம் ஊரில் “நமக்குள்ள என்ன எழுத்து?” என்று கேட்பதுதான் மரியாதை என்று நினைக்கிறோம். எழுதக் கேட்பது சந்தேகப்படுவதாகாது. இருவரின் நினைவும் ஆறு மாதத்தில் வேறு வேறாகிவிடும் என்பதை ஒப்புக்கொள்வது, அவ்வளவுதான்.

ஒப்பந்தம் வக்கீல் மொழியில் இருக்க வேண்டியதில்லை. ஒரு பக்கத்தில் இப்படி எழுதலாம்:

“இந்த வீட்டின் சமையலறை, இரண்டு படுக்கையறைக் கப்போர்டு, ஹால் டிவி யூனிட் ஆகியவற்றுக்கு வரைபடம் தந்து, வேலையை மேற்பார்வை செய்வது என் பொறுப்பு. ஃபால்ஸ் சீலிங், திரைச்சீலை, பெயின்ட் இதில் சேராது. வரைபடத்தை இரண்டு முறை மாற்றித் தருவேன். மூன்றாவது முறையிலிருந்து தனிக் கட்டணம். என் கட்டணம் இவ்வளவு. வரைபடம் ஒப்புக்கொண்டபோது ஒரு பங்கு, மரவேலை பாதி முடிந்தபோது ஒரு பங்கு, சாவி ஒப்படைக்கும்போது மீதி. பொருள்களுக்கான பணத்தை வீட்டுக்காரர் கடைக்கு நேரடியாகக் கொடுப்பார். வேலை தொடங்கிய பின் வரும் எந்த மாற்றமும், அதன் விலையும் நாளும் எழுதப்பட்டு, வீட்டுக்காரர் சரி என்ற பிறகே நடக்கும். கருத்து வேறுபாடு வந்தால் இருவரும் ஏற்கும் இந்தப் பெரியவரிடம் முதலில் பேசுவோம்.”

இதில் பலரும் எழுத மறப்பது “இது சேராது” என்ற வரி. எது சேரும் என்பதில் தகராறு வருவதில்லை.

கட்டணத்தை மூன்று விதமாகக் கேட்கும் பழக்கம் தொழிலில் உண்டு: மொத்தத் தொகை, சதுர அடிக்கு இவ்வளவு, மொத்தச் செலவில் இத்தனை சதவீதம். தனியாளாகத் தொழில் செய்பவர் சதவீத முறையைத் தவிர்ப்பது நல்லது என்பது என் கருத்து. செலவு கூடினால் உங்கள் வருமானமும் கூடும் என்றால், நீங்கள் நல்ல கீல் போடச் சொல்வதைக்கூட வீட்டுக்காரர் சந்தேகத்தோடு கேட்பார். மொத்தத் தொகை பேசிவிட்டால் அந்தச் சந்தேகத்துக்கு இடமில்லை.

சொந்தக்காரர் வீடு என்றால்? அங்கேயும் எழுதுங்கள். சலுகை கொடுக்க நினைத்தால் முழுக் கட்டணத்தை எழுதி, கீழே “உறவு முறைக்காகக் கழிவு” என்று போட்டுக் கழியுங்கள். சும்மா செய்து கொடுத்த வேலையின் விலை யாருக்கும் தெரிவதில்லை. அதையே அடுத்த வீட்டிலும் எதிர்பார்ப்பார்கள்.

கடைக் கமிஷன்

இதைப் பற்றித் தொழிலில் யாரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை. பிளைவுட் கடை, மைக்கா கடை, டைல்ஸ் ஷோரூம், விளக்குக் கடை ஆகியவற்றில் வாடிக்கையாளரை அழைத்து வரும் வடிவமைப்பாளருக்கும் ஆசாரிக்கும் ஒரு பங்கு ஒதுக்கும் வழக்கம் நாடெங்கும் உண்டு. கடைக்காரர் தன் லாபத்திலிருந்து தருவதாகச் சொல்வார். நடப்பில் அது பில்லின் விலையில் ஏறியிருக்கும். அந்தச் சபராளிதான் அதைக் கொடுக்கிறார், தனக்குத் தெரியாமல்.

“எல்லாரும் வாங்குகிறார்கள், நான் வாங்காவிட்டால் கடைக்காரருக்குத்தான் லாபம்” என்பது நியாயமான வாதம் போலத் தோன்றும். ஸகாத் வசூலிக்க அனுப்பப்பட்ட இப்னுல் லுத்பிய்யாவின் சம்பவம் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. வசூலித்ததைக் கொடுத்துவிட்டு, இது மட்டும் எனக்கு அன்பளிப்பாகத் தந்தது என்று அவர் ஒன்றைத் தனியே வைத்துக்கொண்டார். தன் தாய் தந்தையின் வீட்டில் உட்கார்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு அவரைத் தேடி வந்திருக்குமா என்று நபி (ஸல்) அவர்கள் கேட்ட கருத்தில் அந்த ஹதீஸ் அமைந்திருக்கிறது. அது அரசுப் பொறுப்பாளரைப் பற்றியது. ஆனால் கேள்வி நம் தொழிலுக்கும் அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்துகிறது. அந்த வீட்டு வேலை உங்களிடம் வராமல் இருந்தால் டைல்ஸ் கடை உங்களுக்கு ஏன் பணம் தர வேண்டும்?

நேர்மையான வழிகள் இரண்டு உண்டு. கடை தரும் பங்கை வீட்டுக்காரரின் பில்லிலேயே கழித்துத் தரச் சொல்லலாம். பல கடைகள் ஒப்புக்கொள்ளும், ஏனென்றால் அவர்களுக்குக் கணக்கு ஒன்றுதான். இல்லையென்றால் வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடலாம்: “இந்தக் கடையில் எனக்கு இவ்வளவு வரும், அதனால் என் கட்டணத்தைக் குறைத்திருக்கிறேன், வேறு கடையில் வாங்கவும் உங்களுக்கு முழு உரிமை உண்டு.” சொல்லிவிட்டு வாங்குவதும் மறைத்து வாங்குவதும் ஒன்றல்ல. கமிஷனை விட்டால் வருமானம் குறையும் என்பதை மறுக்க முடியாது. அதற்குரிய வழி உங்கள் கட்டணத்தை உழைப்புக்கேற்ப வெளிப்படையாகக் கேட்பது. குறைந்த கட்டணம் பேசி மறைவாக ஈடுகட்டும் பழக்கத்துக்கு வீட்டுக்காரர்களும் ஒரு காரணம். வரைபடத்துக்கா காசு என்று பேரம் பேசும் குடும்பம், அந்தக் காசைத் தெரியாமல் வேறு வழியில் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறது.

தூரத்தில் இருக்கும் வீட்டுக்காரர்

சிங்கப்பூர் நம்மை விட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. துபாய் ஒன்றரை மணி நேரம் பின்னால். பிரான்ஸ் கோடையில் மூன்றரை, குளிர்காலத்தில் நாலரை மணி நேரம் பின்னால். ஐக்கிய அரபு அமீரகத்தில் 2022 ஜனவரியிலிருந்து அரசு விடுமுறை சனி, ஞாயிறு என்று மாறிவிட்டது. சவூதியில் வெள்ளி, சனிதான். இதைத் தெரிந்துகொண்டு வாரம் ஒரு நாள், ஒரு நேரம் என்று முடிவு செய்து அந்த நேரத்தில் தவறாமல் செய்தி அனுப்புங்கள். வேலை எதுவும் நடக்காத வாரத்திலும் அனுப்ப வேண்டும். “இந்த வாரம் மழை, ஆசாரி வரவில்லை, செலவு எதுவும் இல்லை” என்ற மூன்று வரி போதும். செய்தி வராத வாரத்தில்தான் வீட்டுக்காரர் தன் மச்சானை அனுப்பிப் பார்த்துவரச் சொல்வார். அவர் பார்த்துவந்து சொல்வது பாதிதான் சரியாக இருக்கும்.

மூடப்படும் முன் எல்லாவற்றையும் படம் எடுங்கள். சுவரில் பூசும் முன் வயர்க் குழாயின் மேல் டேப்பை வைத்து ஒரு படம், மைக்கா ஒட்டும் முன் பலகையின் முத்திரை தெரியும்படி ஒரு படம், பில்லின் படம். இவை பிற்பாடு ஆணி அடிக்கும்போதும் உதவும். நிறத்தை மட்டும் கைபேசிப் படத்தில் முடிவு செய்யவிடாதீர்கள். ஒவ்வொரு திரையிலும் அது ஒவ்வொரு மாதிரி தெரியும். ஊருக்கு வந்து திரும்பும் யாரிடமாவது கையளவு மைக்கா துண்டுகளைக் கொடுத்தனுப்பினால் போதும்.

ஆசாரியிடம் வீட்டுக்காரர் நேரடியாக போனில் மாற்றம் சொல்வது அடிக்கடி நடக்கும். அதில் கோபப்பட ஒன்றுமில்லை, அவருடைய வீடு. “நானா, சொன்னதை எனக்கும் ஒரு வரி அனுப்பிடுங்க, அளவு மாறுதான்னு பாத்துட்டுச் சொல்றேன்” என்று இனிமையாகச் சொன்னால் அடுத்த முறை உங்களிடமே வருவார்.

கெட்ட செய்தியை முதலில் நீங்கள் சொல்லுங்கள்

நம் பகுதியில் உள்வேலையின் காலக்கெடு பெரும்பாலும் ஒரு நிக்காஹ் தேதி அல்லது ஒரு முப்பது நாள் லீவு. ரெண்டையும் தள்ளிவைக்க முடியாது. அதனால் தேதியிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அந்த மாதங்களில் மர பாலீஷும் பெயின்டும் சரியாகக் காயாது. 2008 நவம்பரில் நிஷா புயல் காரைக்காலுக்கு அருகில் கரை கடந்தது. 2018 நவம்பரில் கஜா வேதாரண்யம் பக்கம் கரை கடந்து இந்தக் கரையோரத்தை வாரக்கணக்கில் நிறுத்திவைத்தது. டிசம்பர் கல்யாணத்துக்கு “முடித்துவிடலாம்” என்று வாய் கொடுப்பதற்கு முன் இதை வீட்டுக்காரரிடம் பேசிவிடுங்கள். ரமலானில் வேலையாட்களின் நேரம் குறையும் என்பதையும் சேர்த்துத்தான்.

பொருள் தாமதமானால், அளவு தவறினால், விலை ஏறினால் அன்றைக்கே சொல்ல வேண்டும். செய்தியோடு வழியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: என்ன நடந்தது, இப்போது என்ன செய்யலாம், யார் செலவு, எத்தனை நாள். தவறு உங்கள் பக்கம் என்றால் செலவு உங்களுடையது என்று நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். மூன்றாவது ஆள் மூலமாக வீட்டுக்காரர் அறிந்தால், சிறிய அளவுப் பிழையும் மோசடியாகத் தெரியும்.

மறுக்கவும் தெரிய வேண்டும். கேரளத்தில் குறைந்த செலவில் நூற்றுக்கணக்கான வீடுகள் கட்டிய லாரி பேக்கர் (1917–2007) வீட்டுக்காரர் கேட்ட ஒவ்வொன்றுக்கும் அது உண்மையில் தேவையா என்று கேட்பவர். கேட்டதை எல்லாம் வரைந்து கொடுத்திருந்தால் அவருக்குச் சிரமம் குறைந்திருக்கும். பத்துக்குப் பத்து அறையில் ஃபால்ஸ் சீலிங் போட்டால் உயரம் குறைந்து புழுக்கம் கூடும், கரண்ட் போனால் இன்னும் மோசம் என்று சொல்லி ஒரு வேலையைக் குறைப்பவரை வீட்டுக்காரர் மறப்பதில்லை. ஜன்னல் கம்பியும் கைப்பிடியும் கடற்காற்றில் துருப்பிடிக்காமல் இருக்க 304 ரக ஸ்டீலை விட 316 ரகம் தாங்கும் என்று சொல்லிச் செலவைக் கூட்டச் சொன்னாலும், அப்போது அவர் நம்புவார்.

சட்டத்தில் கவனிக்க வேண்டியவை

‘ஆர்க்கிடெக்ட்’ என்ற பட்டத்தை 1972ஆம் ஆண்டின் சட்டப்படி கட்டடக் கலைஞர் மன்றத்தில் பதிவு செய்தவர் மட்டுமே போட்டுக்கொள்ளலாம். டிப்ளமா படித்த பிள்ளைகள் விசிட்டிங் கார்டில் ‘இன்டீரியர் டிசைனர்’ என்று போடுவதே சரி. சுவரை இடிப்பது, தூணைத் தொடுவது போன்ற வேலைகளுக்குப் பொறியாளரை அழைத்து அவர் சொல்லை எழுத்தில் வாங்குங்கள்.

சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம். உள்ளலங்கார சேவைக்கு வரி 18 சதவீதம். நமக்கு ஒரு விசேஷம் உண்டு. வாஞ்சூரைத் தாண்டி நாகூரில் ஒரு வீட்டு வேலை செய்தால் அது சட்டப்படி வேறு மாநில வேலை, ஏனென்றால் நாம் புதுச்சேரி ஒன்றியப் பகுதி. சேவைக்கு அந்த 20 லட்சம் வரம்பு அங்கேயும் பொருந்துவதால் சிறிய தொழிலுக்குப் பயமில்லை. ஆனால் வரம்பைத் தாண்டிப் பதிவு செய்யும்போது, எளிய வரித் திட்டமான காம்போசிஷன் வெளிமாநில வேலை செய்பவருக்குக் கிடையாது. தணிக்கையாளரிடம் இதைக் கேட்டுக்கொண்டு முடிவு செய்யுங்கள். வெளிநாட்டிலிருந்து பணம் வந்தாலும் வீடு இங்கே இருப்பதால் அது ஏற்றுமதிச் சேவை ஆகாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

வீட்டுக்காரருக்கும் பாதுகாப்பு உண்டு. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் சேவைக் குறைபாட்டுக்கு முறையிடலாம். எழுத்தும் பில்லும் இருந்தால்தான் இரு பக்கமும் பேச முடியும்.

சாவி கொடுக்கும் நாள்

ஒப்படைக்கும் நாளில் ஒவ்வொரு கதவையும் டிராயரையும் வீட்டுப் பெண்கள் கையால் திறந்து மூடிப் பார்க்கட்டும். குறைகளை அவர்கள் முன்னாலேயே எழுதி, எந்தத் தேதிக்குள் சரிசெய்வீர்கள் என்று போட்டுக் கையெழுத்திடுங்கள். கடைசித் தவணையை அந்தப் பட்டியல் முடிந்த பிறகு வாங்கிக்கொள்ளலாம். வேலையாட்களின் கூலி பாக்கி இல்லை என்பதையும் வீட்டுக்காரருக்குத் தெரியப்படுத்துங்கள். இல்லையென்றால் நீங்கள் போன பிறகு ஆசாரி வாசலில் வந்து நிற்பார்.

பிறகு ஒரு கோப்பு கொடுங்கள். அதில் கடைசி வரைபடம், மூடும் முன் எடுத்த படங்கள், பெயின்டின் பெயரும் எண்ணும், மைக்காவின் எண், அடுப்பு, சிம்னி, சேனல் ஆகியவற்றின் வாரண்டி அட்டைகள், ஆசாரி, எலக்ட்ரீஷியன், பிளம்பர் கைபேசி எண்கள் இருக்கட்டும். முதல் மழைக்காலம் முடிந்த ஜனவரியில், கூப்பிடாமலேயே ஒரு முறை போய் சிங்க்கின் அடியையும், வெளிச்சுவரை ஒட்டிய கப்போர்டின் பின்பக்கத்தையும், கரையான் வரும் மூலைகளையும் பார்த்து வாருங்கள். அரை மணி நேரம் ஆகும். சென்ற வருடம் வேலை முடித்த வீடுகளின் பட்டியலை இப்போதே ஒரு நோட்டில் எழுதி, பக்கத்தில் ஜனவரி என்று குறித்து வைக்கலாம்.